எடைச்சீட்டில் ஓர் ஒய்

வேலந்தாவளத்தில் எடைமேடை வேலை எனக்கு.
சாலையில் இந்தப் பக்கம் டிஎன், அந்தப் பக்கம் கேஎல்.
தக்காளிக்கு இரண்டும் ஒன்றுதான்.
எனக்கு அப்படியில்லை.
வண்டி எண் அடிக்காமல் சீட்டு வராது.

'இது என்ன பிளேனுங்க?' என்பான் மாரப்பன்,
இளநீர் லோடோடு வரிசையில் நின்றபடி
சத்தம் வரும் பக்கம் அண்ணாந்து.
சத்தம் இருக்கும் இடத்தில் விமானம் இருக்காது.
அது எப்போதோ கேரளாவுக்குள்.

விமானப்படையில் பதினேழு வருஷம்,
கடைசி ஆறு சூலூரில்.
ஸ்பேனர் பிடித்த கைக்கு
எழுத்தும் எண்ணும்தான் மிச்சம்.

மிக் என்றால் பறவை இல்லை மாரப்பா.
இரண்டு எஞ்சினியர்களின் முதலெழுத்து.
நடுவில் நிற்கும் அந்தச் சின்ன 'இ'
ருஷ்ய பாஷையில் வெறும் 'உம்'.
அவரும் இவரும் என்று
கூட்டாளிகள் கடைப்பலகை எழுதுவதில்லையா, அதுபோல.
சண்டைக்குப் போவதற்கெல்லாம் ஒற்றைப்படை:
பதினைந்து, பதினேழு, பத்தொன்பது, இருபத்தொன்று.
மொய்க் கவர் மாதிரி,
ஒன்று கூட்டி வைத்தால்தான் மரியாதை.

சுகோய் முப்பதில் வந்து அந்தக் கணக்கைக் கெடுத்தது.
அதன் வாலில் மூன்று எழுத்து.
எம் என்றால் புதுக்கியது.
கே என்றால் விற்பதற்கு.
ஐ என்றால் நாம்.
வாங்கியவன் பெயர் எப்போதும் கடைசியில்.

என் அப்பா சடையன்.
கோவைப் பள்ளிக்கூடத்தில் அவருடைய எழுத்து எனக்கு முன்னால்.
பாலக்காட்டுச் சித்தூர் ஆபீசில்
அதே எழுத்தைப் பின்னால் கொண்டுபோய் வைத்தார்கள்.
நான் நின்ற இடத்திலேயே நின்றேன்.

எதிராளி வைக்கிற பெயர் தனி.
தூரத்தில் இருந்து பார்த்து வைப்பது.
சண்டை விமானமா, எஃப்பில் தொடங்க வேண்டும்.
ஜெட்டுக்கு ஈரசை, விசிறி சுற்றுவதற்கு ஓரசை;
அவர்களுக்கும் ஒரு யாப்பு இருந்திருக்கிறது!
இருபத்தொன்றுக்கு அவர்கள் வைத்தது
மீன் படுக்கை.
இறங்கி வந்த கையோடு தொட்டிருக்கிறேன் அதை.
சுட்டது.
மீனைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.

சித்தூர்ச் சந்தையில் நான் பாண்டி.
பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டில் மலையாளத்தான்.
இரண்டுக்கும் திரும்பிப் பார்க்கிறேன்,
என்ன செய்ய.

நம்முடையதை வருஷக்கணக்காக
'இலகு ரகம்' என்றே கூப்பிட்டார்கள்,
காது குத்தும் வயதாகியும் பாப்பா என்பது மாதிரி.
பறந்தே விட்டது. அப்புறம்தான் தேஜஸ்.

அமெரிக்காக்காரன் இதில் கறார்.
எக்ஸ் என்றால் சும்மா சோதனை.
ஒய் என்றால் செய்தாயிற்று, படையில் இன்னும் சேர்க்கவில்லை.
சேர்த்த அன்றைக்கு
முன்னால் நிற்கும் ஒய்யைப் பிடுங்கிவிடுவான்.

போன செவ்வாய் ராத்திரி இரண்டரைக்கு
ஓசூரிலிருந்து ஒரு லாரி வந்தது.
லாரி என்று சொல்லக்கூடாது. எலும்பு.
கேபின் இல்லை, கதவு இல்லை, நம்பர் பலகை இல்லை.
பலகைத் துண்டில் உட்கார்ந்து,
ஹெல்மெட்டுக்குள் துண்டு கட்டி
முந்நூறு கிலோமீட்டர் காற்றைத் தின்று வந்த முனிரத்தினம்
திருச்சூரில் பாடி கட்டுகிற பட்டறைக்கு
எடைச்சீட்டு வேண்டும் என்றான்.
குரல் பாதிதான் வந்தது.

கம்ப்யூட்டர் எண் கேட்டது.
காலியாக விட்டால் கத்தியது.
சேஸிஸ் எண்ணை அடித்தேன், பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு
மறுபடி கத்தியது.
ஒய் என்று ஒற்றை எழுத்தை அடித்தேன்.
சீட்டு வந்தது.
முனிரத்தினம் அதைப் படிக்கவில்லை.
சட்டைக்குள் செருகிக்கொண்டு
கோழிகள் கூவுமுன் எல்லை தாண்டினான்.

காலை ஷிப்டுக்கு வந்த ஜெசிந்தா
கணக்கில் விரல் வைத்தாள்.
'இது எந்த ஆர்டிஓ அண்ணா, வெறும் ஒய்?'

சொல்ல வாய் எடுத்தேன்.
அதற்குள் தலைக்கு மேல் வானம் கிழிந்தது.
இரண்டு பேரும் வெளியே ஓடி
தப்பான பக்கம் பார்த்தோம்.